ஆறு ஃபிரேம்

பிர்னோ நகரத்துப் பேராலய மணி
பதினொரு மணிக்கே நண்பகல் அடிக்கும்.
யாரும் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதில்லை.
எனக்கு அது வேலை தொடங்கும் ஓசை.
காப்பி ஆறியிருக்கும்,
திரையில் ஒரு புரதம்
நீல நாடாவாய்ச் சுருண்டு கிடக்கும்.

வரி அலுவலகத்தில் தொழில் என்ன என்றார்கள்.
எது எப்போது தெரிய வேண்டும் என்று
முடிவு செய்பவள், என்றேன்.
'வரைகலைஞர்' என்று எழுதிக்கொண்டார்கள்.

இடப்பக்கப் பட்டியலில்
ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு குட்டிக் கண்.
சொடுக்கினால் இமை மூடும்.
முதல் சங்கிலி, இரண்டாம் சங்கிலி,
துத்தநாகம் ஒன்று, மருந்து,
குழிக்குள் குடியிருக்கும் ஏழு நீர்,
வெளியே நீர் நாற்பத்தோராயிரம்.
அந்தக் கடைசிக் கண்ணை
முதல் நாளே மூடிவிட்டேன்.
அதைத் திறந்துவைத்துக்கொண்டு
யாராலும் எதையும் பார்க்க முடியாது.

212ஆம் ஃபிரேமில் மருந்து தோன்ற வேண்டும்.
பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு, பன்னிரண்டு ஃபிரேமில்,
பொழுது புலர்வதுபோல.
ஓட்டிக் காட்டினேன்.

ஸ்பினெக் கோட்டைக் கழற்றவில்லை.
ஆய்வகத்திலிருந்து ட்ராமில் வந்தவர்,
தோளில் பனி இன்னும் கரையவில்லை.
"அது தோன்றாது, ராட்மிலா.
அது வரும்.
முட்டி மோதி, வழி தவறி,
ஆயிரம் தப்பான கதவைத் தட்டிவிட்டு வரும்."
ஆயிரம் கதவுக்கு என்னிடம் நேரமில்லை, என்றேன்.
மொத்தப் படமே தொண்ணூறு வினாடி.

அடுத்து, அந்தக் குழி.
மருந்து உள்ளே நுழைந்ததும்
ஏழு நீரையும் அணைத்திருந்தேன்,
அறையை விட்டுக் கிளம்புகிறவள்
விளக்கை அணைப்பதுபோல.
"எங்கே போயின?"
"மறைந்துவிட்டன."
"எங்கே?"
குரலில் கோபம் இல்லை.
பயணச்சீட்டு கேட்கிறவரின் பொறுமை இருந்தது.

அன்றிரவு ஏழையும் நடக்க வைத்தேன்.
ஒன்று மருந்தின் விலாவை உரசிக்கொண்டு,
இரண்டு கைகோத்து,
மூன்று அவசரமாக,
கடைசி ஒன்று போக மனமில்லாமல்
வாசலில் ஒருமுறை திரும்பி.
திரும்பிப் பார்க்க நீருக்கு முகம் கிடையாது.
தெரியும். ஆனாலும் திருப்பினேன்.
வாசல் தாண்டியதும்
ஒவ்வொன்றாய் இமை மூடினேன்.
மூடிய பிறகும் அவை
கணினியின் நினைவில்
இம்மி குறையாமல் இடம் பிடித்திருந்தன.
மறைத்தது, அழித்தது ஆகாது.

வெள்ளிக்கிழமை, தூக்கக் கலக்கத்தில்,
தப்பான கண்ணைத் திறந்துவிட்டேன்.
301ஆம் ஃபிரேமில்
நாற்பத்தோராயிரமும் ஒரே அடியாய்த் தெரிந்தன.
திரை வெளுத்தது.
புரதம் இல்லை, மருந்து இல்லை,
வெளியேறிய ஏழும்
எந்த ஏழு என்று தெரியவில்லை.
மன்னியுங்கள் என்று மவுஸைத் தேடினேன்.
"கொஞ்சம் பொறு."
நாற்காலியை விட்டு எழுந்திருந்தார் ஸ்பினெக்.
"முப்பது வருடமாய் இதற்குள்தான் வேலை செய்கிறேன்.
இன்றுதான் பார்க்கிறேன்."
பார்க்க ஒன்றும் இல்லையே, என்றேன்.
"ஆமாம்" என்றார்,
தலையை ஆட்டிக்கொண்டே, இன்னும் பார்த்துக்கொண்டே.

பேரம் பேசினோம்.
அவர் கேட்டது ஐம்பது ஃபிரேம்.
நான் கொடுக்க வந்தது இரண்டு.
ஆறில் நின்றது.
கால் வினாடி.

மருத்துவமனை அரங்கில் திரையிட்ட மாலை
மூன்றாம் வரிசையில் ஒரு செவிலி
கண்ணைக் கசக்கினாள்.
"ப்ரொஜெக்டரில் கோளாறா?"
பக்கத்தில் இருந்தவன் இல்லை என்றான்.
சரியாய் அந்தக் கால் வினாடியில்
இமைத்திருப்பான்.

வெளியே மூடுபனி.
ட்ராம் நிறுத்தத்தில் நாங்கள் இருவர்.
நான்காம் எண் வருவதற்கு
இரண்டு நிமிடம் என்றது பலகை.
முதலில் ஒரு வெளிச்சம்,
பிறகு எண்,
பிறகு வண்டி.
"பன்னிரண்டு ஃபிரேம் இருக்குமா?" என்றார் ஸ்பினெக்,
தோற்றவர் போலச் சிரித்து.
இல்லை, என்றேன் படியேறிக்கொண்டே,
அது வந்துகொண்டேதான் இருந்தது.